'என்ப' எங்கே போயிற்று?

ஆளுமை என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். உளவியல் பாடநூலில் அது எல்லோருக்கும் உண்டு. ஒருவர் எண்ணுவதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும் நெடுநாள் நிலைத்து, அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஒழுங்குக்கு அங்கே ஆளுமை என்று பெயர். மேடையிலும் பத்திரிகையிலும் அது சிலருக்கு மட்டுமே உண்டு. 'நம் காலத்தின் மாபெரும் ஆளுமை' என்று அவர்களை அறிமுகம் செய்கிறோம். அந்தச் சிலரில் ஒரு பெண் வந்துவிட்டால் 'பெண் ஆளுமை' என்று அடைமொழி சேர்த்துக்கொள்கிறோம். 'ஆண் ஆளுமை' என்று எந்த விழா அழைப்பிதழிலும் அச்சாவதில்லை.

சொல்லின் வேர் ஆள். ஆள் என்றால் மனிதர். ஆள் என்றால் ஆட்சி செய். 'இல்லாள்' என்பதற்கு இல்லத்தை ஆள்பவள் என்று பொருள் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம். அதன் ஆண்பாலாகத் தோன்றும் 'இல்லான்' என்பதற்கோ ஏதும் இல்லாதவன் என்றுதான் பொருள்.  ஆக, ஒருவர் எப்படிப்பட்டவர் என்று நாம் பேசத் தொடங்கும் முன்பே, யாரைப் பற்றி எந்தச் சொற்களில் பேசலாம் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

ஆளுமை உளவியலின் சில முதன்மைக் கோட்பாடுகளை இந்தச் சொற்களின் பக்கமிருந்து வாசித்துப் பார்க்கிறேன். நான் தமிழ் படித்தவள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்தத் துறை தன் அளவுகோல்களில் முக்கியமான ஒன்றை அகராதியிலிருந்தே எடுத்துக்கொண்டது என்பது.

1884இல் பிரான்சிஸ் கால்டன், ரோஜெட்டின் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, மனிதக் குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் இருக்கும் என்று கணக்கிட்டார். இதற்கு முந்தைய ஆண்டில்தான் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கி, தகுதியுள்ளவர்கள் பெருகவேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் சூட்டியிருந்தார். குணத்தை அளக்கும் ஆசையும் மனிதரைத் தரம்பிரிக்கும் ஆசையும் ஒரே மேசையில் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் பேரகராதியை எடுத்துக்கொண்டு, ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டப் பயன்படும் சொற்களையெல்லாம் திரட்டினார்கள். 17,953 சொற்கள் கிடைத்தன. அவற்றை நான்கு பட்டியல்களாகப் பிரித்தார்கள். நிலையான பண்புகளைக் குறிக்கும் சொற்கள் 4,504. அந்தந்த நேரத்து மனநிலையைக் குறிப்பவை 4,541. பிறர் ஒருவரைப் பற்றிச் செய்யும் மதிப்பீட்டைச் சொல்பவை 5,226. எதிலும் அடங்காத மீதி 3,682. பிற்கால ஆய்வுகளின் பெரும்பகுதி முதல் பட்டியலின் மேல்தான் கட்டப்பட்டது.

இதன் பின்னாலுள்ள எண்ணத்தைச் சொல்வழிக் கருதுகோள் என்று சொல்லலாம். மனிதரோடு மனிதர் பழகும்போது எந்த வேறுபாடுகள் முக்கியமாகப் படுகின்றனவோ, அவை காலப்போக்கில் மொழியில் சொல்லாக உறையும். மிக முக்கியமானவை ஒற்றைச் சொல்லாகவே உறையும். எனவே சொற்களைக் கூட்டி அலசினால் ஆளுமையின் அடிப்படைக் கூறுகள் கைக்கு வரும். அழகான எண்ணம்தான். மக்கள் பேச்சில் அறிவு இருக்கிறது என்று நம்புகிற எண்ணம் என்பதால் மொழி படித்தவர்களுக்கு இதன்மேல் ஒரு பிரியமே வரும். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. முக்கியமாகப் படுவது யாருக்கு?

ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் இந்தக் கேள்வியை அறியாதவர்கள் அல்ல. அதனால்தான் மதிப்பீட்டுச் சொற்களைத் தனியே ஒதுக்கினார்கள். அவை சொல்லப்படுபவரைவிடச் சொல்பவரைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் அதிகம் பேசுகின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நான்கு பட்டியல்களில் அதுதான் மிகப் பெரியது என்பதைக் கவனியுங்கள். என் ஐயம், அப்படிப் பிரித்தெடுக்க முடியுமா என்பதில்தான்.

தமிழில் செய்து பார்க்கலாம். 'அடக்கமானவள்' என்பது பண்பா, பாராட்டா? 'வாயாடி' என்பது அதிகம் பேசும் இயல்பைக் குறிக்கிறதா, அதிகம் பேசக்கூடாதவள் பேசுகிறாள் என்ற புகாரைக் குறிக்கிறதா? அதே அளவு பேசும் ஆணை 'நல்லாப் பேசுவாரு' என்கிறோம். 'ராங்கிக்காரி', 'பஜாரி', 'அடங்காப்பிடாரி' என்ற சொற்களுக்கு அதே சூட்டோடு புழங்கும் ஆண்பால் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிடாரி ஊர் எல்லையில் நின்று காக்கும் தெய்வம். அவள் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிற அதே ஊர், வீட்டிலிருக்கும் பெண்ணை வைவதற்கும் அவள் பெயரையே எடுத்துக்கொண்டது. இந்தச் சொற்கள் அகராதியில் ஏறியிருப்பதால் பெண்களிடம் அப்படி ஒரு பண்பு இருக்கிறது என்று ஆகாது. பெண்ணின் குரல் சற்று உயர்ந்தபோதெல்லாம் யாருக்கோ சங்கடமாக இருந்திருக்கிறது என்பதைத்தான் அகராதி பதிவுசெய்திருக்கிறது.

தொல்காப்பியம் களவியலில் அச்சம், நாணம், மடம் ஆகிய மூன்றையும் பெண்ணுக்கு உரியவையாக வைக்கிறது. பெருமையையும் உரனையும் ஆணுக்கு வைக்கிறது. நாம் நாற்குணம் என்று சொல்லிப் பழகிய பட்டியலில் நான்காவதாக உள்ள பயிர்ப்பு அந்த நூற்பாவில் இல்லை, பின்னால் வந்து சேர்ந்தது. மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம், சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு பற்றியதை விடாதிருத்தல் என்ற பொருளில் அமைகிறது. பிறப்போடு வந்த குணம் என்று சொல்லப்பட்ட ஒன்றுக்குள்ளேயே, அதைச் சொல்லிக்கொடுத்த ஒருவர் இருக்கிறார்.

அந்த நூற்பா 'என்ப' என்று முடிகிறது. என்று சொல்வார்கள் என்பது பொருள். முன்னோர் கூற்றைச் சுட்டுவதற்கு இலக்கண நூல் வழக்கமாகக் கையாளும் சொல்தான் அது. இலக்கணகாரர் பெண்ணியம் பேசினார் என்று நான் வாதாடவரவில்லை. ஆனாலும் அந்தச் சொல் ஒரு வேலையைச் செய்கிறது. பெண் இப்படிப்பட்டவள் என்ற வாக்கியத்துக்கு வெளியே, அதைச் சொல்லும் சிலர் நிற்கிறார்கள் என்று காட்டிவிடுகிறது. புலவர்கள் சொல்கிறார்கள், மரபு சொல்கிறது, ஊர் சொல்கிறது. நவீன ஆளுமை உளவியலின் பல வாக்கியங்களில் இந்த 'என்ப' கழன்று விழுந்துவிட்டது. சொல்லப்பட்டது இருப்பதாக மாறிவிட்டது. பெண்ணியத் திறனாய்வு இத்துறைக்குச் செய்திருப்பதை ஒரு வரியில் சொல்வதானால், விழுந்த 'என்ப'வை எடுத்து அதன் இடத்தில் மீண்டும் வைத்தது என்பேன்.

அது எப்படிக் கழன்றது என்பதைப் பார்க்க ஃபிராய்டிடம் போகவேண்டும். டோரா என்ற புனைபெயரில் அவர் எழுதிய நோயாளிக்கு வயது 18. 1900ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தந்தை அவளை ஃபிராய்டிடம் கொண்டுவந்தார். தந்தைக்கு நண்பர் ஒருவரின் மனைவியோடு உறவு இருந்தது. அந்த நண்பர் டோராவைச் சிறுமியாக இருந்தபோது வலிந்து முத்தமிட்டிருக்கிறார். பின்னர் ஏரிக்கரையில் அவளிடம் முறைகேடாகப் பேசியிருக்கிறார். அவள் வீட்டில் சொன்னபோது, கற்பனை என்று ஒதுக்கினார்கள். தந்தையின் உறவை அந்த நண்பர் பொறுத்துக்கொள்வதற்கு விலையாகத் தான் கைமாற்றப்படுகிறோம் என்று டோரா உணர்ந்திருந்தாள்.

ஃபிராய்டு அவள் சொன்ன நிகழ்ச்சிகளை நம்பினார். அந்த அளவில் அவர் அவள் குடும்பத்தைவிட மேலானவர். ஆனால் அந்த முத்தத்தில் அவளுக்கு ஏற்பட்ட அருவருப்பை அவர் நோயின் அறிகுறியாக எழுதினார். இயல்பான பெண்ணுக்குக் கிளர்ச்சிதான் வந்திருக்கவேண்டும் என்பது அவர் வாதம். அவள் அந்த மனிதரை உள்ளூர விரும்புகிறாள் என்று அவளிடமே வலியுறுத்தினார். அவள் மறுத்தால் மறுப்பும் ஒரு சான்றாகியது. மூன்று மாதத்துக்குள், 1900 டிசம்பர் 31 அன்று, அவள் சிகிச்சையை நிறுத்திக்கொண்டு போய்விட்டாள். சில மாதங்கள் கழித்து அந்தக் குடும்பத்தை நேரில் சந்தித்து, நடந்ததை ஒத்துக்கொள்ளவும் வைத்தாள். 1905இல் அச்சான அந்த நோய்க்குறிப்பு இன்றும் ஹிஸ்டீரியாவைப் பற்றிய முதன்மை நூலாக வாசிக்கப்படுகிறது. ஓர் இளம்பெண் தனக்கு நேர்ந்ததைப் பற்றிச் சொன்ன வாக்கியம், அவளுக்குள் இருப்பதைப் பற்றிய வாக்கியமாக அங்கே மாற்றி எழுதப்பட்டது.

நனவிலி, அடக்கப்பட்ட ஆசை, இட்–ஈகோ–சூப்பர் ஈகோ என்று ஃபிராய்டு தந்த கருவிகள் நம் காலத்தின் பொதுச்சொத்து. அவற்றை வைத்துத்தான் அவரையும் கேள்வி கேட்கிறோம். ஆனால் 1925இல் எழுதிய கட்டுரையில், பெண்ணின் சூப்பர் ஈகோ ஆணுடையதைப்போல உறுதிப்படுவதில்லை, அதனால் அவளுக்கு நீதியுணர்வு குறைவு என்ற முடிவுக்கு அவர் வருகிறார். பெண்ணியவாதிகளின் மறுப்புக்காக அதிலிருந்து விலகவேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். மறுப்பவளின் வாயை மூடியபடியே அந்தக் கோட்பாடு எழுதப்பட்டது.

அடுத்த ஆண்டே பதில் வந்தது. 1926இல் கேரன் ஹார்னி ஓர் எளிய வேலை செய்தார். சிறுவர்கள் சிறுமிகளைப் பற்றி வைத்திருக்கும் எண்ணங்களை ஒரு பக்கமும், பெண்ணின் உளவளர்ச்சியைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர்கள் சொல்வதை மறுபக்கமும் நிறுத்திவைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. சிறுமிக்கு ஏதோ ஒன்று குறைகிறது, அதை எண்ணி அவள் ஏங்குகிறாள், தாழ்வாக உணர்கிறாள் என்று சிறுவன் நினைப்பதையே அறிவியலும் சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்னி ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, பழைய வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்று கண்டுபிடித்தார் என்பதே சரி. 1941இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வுக் கழகம் அவரைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து இறக்கியது. அவர் வெளியேறித் தனியே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

ஹார்னியின் ஆளுமைக் கோட்பாட்டில், அடிப்படைப் பதற்றத்தைச் சமாளிக்க மனிதர் மூன்று திசைகளில் நகர்கிறார்கள்: பிறரை நோக்கி, பிறருக்கு எதிராக, பிறரைவிட்டு விலகி. முதல் வகையினர் விட்டுக்கொடுத்து, அன்பைச் சம்பாதித்து, அதில் பாதுகாப்புத் தேடுவார்கள். இது பெண்ணின் பிறவிக்குணம் என்று அவர் எழுதவில்லை. பெண்ணிடம் காணப்படும் பணிவையும் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் போக்கையும், அவளுக்கு வேறு வழிகளை அடைத்துவைத்த பண்பாட்டை விலக்கிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்று 1930களிலேயே வாதாடினார். 'இப்படி இருக்கவேண்டும், அப்படி இருக்கவேண்டும்' என்று உள்ளிருந்து விரட்டும் குரலை ஒரு கொடுங்கோன்மை என்று 1950இல் எழுதினார். அந்தக் குரலை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். நம் வீட்டில் பெரும்பாலும் அது அம்மாவின் குரலில்தான் பேசும்; அம்மாவுக்கு அது அவள் மாமியாரின் குரல்.

மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்து, ஆளுமை எண்ணாக மாறியபோது நிலைமை மாறியதா? ஆல்போர்ட்டின் பட்டியல் வெளியான அதே 1936இல், லூயிஸ் டெர்மனும் கேத்தரின் காக்ஸ் மைல்ஸும் 456 வினாக்கள் கொண்ட ஆண்மை–பெண்மைத் தேர்வை வெளியிட்டார்கள். அதில் ஆண்மையும் பெண்மையும் ஒரே கோட்டின் இரு முனைகள். ஒரு பெண் துணிவாக ஒரு விடையைத் தேர்ந்தால், அந்த அளவுக்கு அவள் பெண்மையிலிருந்து விலகினாள் என்று கணக்கு. துணிவும் கனிவும் ஒருத்திக்குள்ளேயே இருக்க அந்தக் கோட்டில் இடமில்லை.

நம் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் புழங்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் வகைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். யுங் 1921இல் எழுதிய உளவகைகள் நூலை ஆதாரமாக்கி, கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது அது. முறையான உளவியல் பட்டம் இல்லாத ஒரு தாயும் மகளும் வீட்டிலிருந்து செய்த வேலை உலகெங்கும் போனது என்பதில் எனக்கு மரியாதை உண்டு. அதில் சிந்தனையா உணர்வா என்று பிரிக்கும் அளவுக்கு மட்டும் நெடுங்காலம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மதிப்பெண் முறை இருந்தது. ஒரே விடைக்கு ஆணுக்கு ஒரு மதிப்பு, பெண்ணுக்கு வேறு மதிப்பு. உணர்வின் பக்கம் விடை சொல்லப் பெண்கள் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் என்பதைக் கணக்கில் எடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள். சமூகம் சொல்லிக்கொடுத்தது என்ற செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது திருத்துபவரின் விடைத்தாளுக்குள் இருந்தது. தேர்வு எழுதியவளுக்கோ 'நீ இந்த வகை' என்ற நாலு எழுத்து மட்டும் கையில் கிடைத்தது.

சாண்ட்ரா பெம் 1974இல் செய்தது இதற்கு நேர்மாறு. 60 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை அவர் உருவாக்கினார். இருபது ஆண்மைக்கு, இருபது பெண்மைக்கு, இருபது பொதுவுக்கு. எதன் அடிப்படையில்? ஆண்கள் எப்படி, பெண்கள் எப்படி என்று அவர் கேட்கவில்லை. அமெரிக்கச் சமூகத்தில் ஓர் ஆணிடம் இது எவ்வளவு விரும்பத்தக்கது, ஒரு பெண்ணிடம் எவ்வளவு விரும்பத்தக்கது என்று மாணவ மாணவியரைக் கேட்டார். பெண் பக்கம் வந்த சொற்களில் கூச்சம், விட்டுக்கொடுத்தல், எளிதில் ஏமாறுதல், குழந்தைத்தனம் ஆகியவை இருந்தன. ஆண் பக்கம் தலைமை, பகுத்தாராய்தல், தன்னையே சார்ந்திருத்தல் ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வலுவான ஆளுமை. ஆளுமையே ஆண்பாலாக வந்து நின்றது. ஆண்மையையும் பெண்மையையும் இரு தனி அளவுகளாக வைத்து, ஒருவரிடம் இரண்டும் இருக்கலாம் என்று பெம் காட்டினார். அதைவிட முக்கியம், அவர் தன் வினாவுக்குள்ளேயே 'என்ப'வை வைத்துவிட்டார் என்பது.

இன்று ஆய்வுலகில் மேலோங்கி நிற்பது ஐந்து பெரும் கூறுகளின் கோட்பாடு. ஆல்போர்ட்டின் பட்டியலை ரேமண்ட் கேட்டல் 1940களில் சுருக்கினார். எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன என்று கணித முறையில் கூட்டம்பிரிக்கும் வேலை அது. ஒருவரைக் கலகலப்பானவர் என்று சொல்பவர்கள் பேச்சுக்காரர் என்றும் சொல்வார்களானால், இரண்டும் ஒரு கூட்டம். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக டியூப்ஸும் கிறிஸ்டலும் செய்த ஆய்வில் ஐந்து கூட்டங்கள் தெரிந்தன. 1981இல் லூயிஸ் கோல்ட்பர்க் அவற்றுக்குப் 'பெரும் ஐந்து' என்று பெயரிட்டார். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத் தன்மை, இணக்கம், மனஅலைவு என்று தமிழில் சொல்லலாம். இவற்றில் வெறும் மாயம் ஒன்றுமில்லை. பொறுப்புணர்வு மதிப்பெண்ணுக்கும் படிப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கும் ஓரளவு தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத்திரும்பக் கண்டிருக்கின்றன. ஆனால் கணிதம் சொற்களைக் கூட்டம்பிரிக்குமே தவிர, அந்தச் சொற்களை யார் படைத்தார்கள் என்று கேட்காது. உலையில் போட்ட அரிசிதான் சோறாகும்.

2001இல் காஸ்டா, டெராச்சியானோ, மெக்ரே ஆகிய மூவரும் 26 பண்பாடுகளைச் சேர்ந்த 23,031 பேரின் விடைகளை ஒப்பிட்டார்கள். பெண்கள் தங்களை மனஅலைவிலும் இணக்கத்திலும் ஆண்களைவிட உயர்வாக மதிப்பிட்டிருந்தார்கள். வேறுபாடு சிறியது, ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையில் உள்ள தூரத்தோடு பார்த்தால் மிகச் சிறியது. ஆனால் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்கச் சமூகங்களில், அதாவது பால்வேறுபாடு குறைந்திருக்கும் என்று நாம் நினைக்கும் இடங்களில், இந்த இடைவெளி பெரியதாக இருந்தது. இதைக் காட்டி, சமத்துவம் வந்தால் இயற்கை வெளிப்படுகிறது, பார்த்தீர்களா என்பவர்கள் உண்டு. இந்த முடிவைப் பெண்ணியவாதிகள் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. அந்த எண்கள் எதன் எண்கள் என்று கேட்டால் போதும். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே சொன்ன விடைகள் அவை. ஆணும் பெண்ணும் வேறுவேறு உலகமாகப் பிரிக்கப்பட்ட ஊரில், 'நீ பயந்தவளா?' என்று கேட்டால் ஒருத்தி தன் ஓரகத்தியோடும் தோழியோடும் ஒப்பிட்டுத்தான் விடை சொல்வாள். பெண்ணும் ஆணும் ஒரே வகுப்பில், ஒரே அலுவலகத்தில் இருக்குமிடத்தில் ஆணோடு ஒப்பிட்டுச் சொல்வாள். அதோடு, பிரிவு கடுமையான இடத்தில் பணிந்துபோவதை அவள் கடமை என்று நினைப்பாள். குணம் என்று எழுதமாட்டாள். இத்தகைய விளக்கங்களை ஆய்வாளர்களே முன்வைத்து விவாதித்திருக்கிறார்கள். எது சரி என்பது முடிந்துபோன வழக்கல்ல. முடிந்துவிட்டதாக யாராவது சொன்னால் அங்கேதான் நாம் எழுந்து நிற்கவேண்டும்.

பண்பு என்ற எண்ணத்தையே உலுக்கியவர் வால்ட்டர் மிஷெல். ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து இன்னொரு சூழலில் அவர் நடப்பதை முன்கூட்டிச் சொல்லும் வலு மிகக் குறைவு என்று 1968இல் அவர் காட்டினார், தொடர்பெண் 0.30ஐத் தாண்டுவது அரிது. பின்னாளில் யூச்சி ஷோடாவோடு சேர்ந்து அவர் கொடுத்த திருத்தம் இன்னும் முக்கியமானது. ஆளுமையின் நிலைத்தன்மை 'இவள் எப்போதும் இப்படி' என்பதில் இல்லை. 'இப்படி நேர்ந்தால் இவள் அப்படிச் செய்வாள்' என்பதில் இருக்கிறது.

இதை வைத்துக் கண்ணகியை வாசித்துப் பாருங்கள். புகாரில் வாய்திறவாத மென்மையானவள் மதுரையில் எப்படி இப்படி மாறினாள் என்பது தமிழ் வகுப்பறைகளில் தலைமுறைதலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி. குணத்தை நிலையான பொருளாக வைத்தால் இது புதிர்தான்; கற்பின் ஆற்றல், தெய்வத்தன்மை என்று எதையாவது கொண்டுவந்துதான் அவிழ்க்கவேண்டும். ஆனால் புகார்க் காண்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கணவன் திரும்பிவரக் குளத்தில் மூழ்கிக் காமனைத் தொழலாம் என்று தேவந்தி சொல்கிறாள். அது பீடாகாது என்று கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். பீடு என்றால் பெருமை. களவியல் ஆணுக்கென்று வைத்த பெருமை. தன் பெருமைக்கு இழுக்கு நேருமிடத்தில் மறுப்பவள் அவள். தோழியின் முன் அதற்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கொலைசெய்த அரசின் முன் அது போதவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று வழக்காட வேண்டியிருந்தது. அவள் மாறவில்லை, அவளுக்கு எதிரே நின்றது மாறியது. மௌனமாக இருந்தவரை நாம் அவளை மடம் என்ற பட்டியலில் போட்டுவைத்திருந்தோம், அவ்வளவே.

காப்பியத்தில் இது வாசிப்புப் பிரச்சினை. வாழ்க்கையில் சம்பளமும் பதவியும் சார்ந்த பிரச்சினை. அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்தில் 1982இல் ஆன் ஹாப்கின்ஸ் பங்குதாரர் நிலைக்கு முன்மொழியப்பட்டார். அந்த ஆண்டின் 88 வேட்பாளர்களில் அவர் ஒருவர்தான் பெண். அப்போது அங்கிருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் 7 பேர். நிறுவனத்துக்குப் பெரிய அரசு ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றுத்தந்தவர் அவர். பதவி கிடைக்கவில்லை. மதிப்பீட்டுத் தாள்களில் அவர் கடுமையானவர், ஆண்தனமானவர், நளினப் பயிற்சிக்குப் போகவேண்டியவர் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. இன்னும் பெண்ணாக நடந்து, பெண்ணாகப் பேசி, ஒப்பனை செய்து, நகை அணிந்தால் வாய்ப்பு கூடும் என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது.

வழக்கு நீதிமன்றம் போனது. சமூக உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் சாட்சி சொன்னார். பெண்கள் மிகச் சிலரே இருக்குமிடத்தில், அளவுகோல் தெளிவில்லாத இடத்தில், ஒருவரைப் பற்றிய மதிப்பீடு வார்ப்புருவால் எப்படி வளைகிறது என்று விளக்கினார். 1989இல் உச்ச நீதிமன்றம் ஹாப்கின்ஸின் வாதத்தின் மையத்தை ஏற்றது. வேலைக்கு முனைப்பு வேண்டும், பெண்ணிடம் முனைப்பு கூடாது என்றால் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பொறி என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். பழகும் பண்பில் உள்ள குறையை உதட்டுச்சாயம் சரிசெய்துவிடும் என்றால், குறை சொல்லப்பட்டது பண்பைப் பற்றி அல்ல, பாலைப் பற்றி என்ற பொருளிலும் எழுதினார். மறு ஆண்டு அவருக்குப் பங்குதாரர் நிலை வழங்கும்படி உத்தரவானது. 'அவர் கடுமையானவர்' என்ற வாக்கியம் நீதிமன்றத்தில் 'அவர் கடுமையானவர் என்று இவர்கள் சொன்னார்கள்' என்று மாறியபோது வழக்கு திரும்பியது.

நம் மாணவிகள் அந்த இரட்டைப் பொறியை 'ஆளுமை மேம்பாட்டு வகுப்பு' என்ற பெயரில் சந்திக்கிறார்கள். தன்னம்பிக்கையோடு கண்ணைப் பார்த்துப் பேசு என்று அங்கே சொல்லப்படுகிறது. அதே வாரத்தில் துப்பட்டாவைச் சரிசெய், சத்தமாகச் சிரிக்காதே என்றும் சொல்லப்படுகிறது. பேசாதவளுக்கு ஆளுமை போதாது, பேசுகிறவளுக்கு அடக்கம் போதாது. இரண்டையும் கேட்டுவிட்டு அவள் தனக்குள் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறாள். தேர்வு முடிவில் மனஅலைவு கூடுதல் என்று வந்தால் உறுதியாக நம்பியும்விடுகிறாள். விடுதிக்குப் பேருந்து இல்லாத மாலையில் பதறுகிற பெண்ணும், ஏதுமில்லாமல் பதறுகிற பெண்ணும் 'நான் அடிக்கடிக் கவலைப்படுகிறேன்' என்ற வரிக்கு எதிரே ஒரே கட்டத்தில்தான் குறியிடுகிறார்கள்.

உளவியல் படிக்கும் பெண்களே, இந்தக் கோட்பாடுகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கோட்பாடு தெரியாதவளை யாரும் எளிதில் வகைப்படுத்திவிடுவார்கள். தெரிந்தவள் எதிர்க்கேள்வி கேட்பாள். ஹார்னியும் பெம்மும் துறைக்குள்ளே இருந்துதான் கேட்டார்கள். தமிழ் படிக்கும் பெண்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வட்டாரம் வட்டாரமாகப் பெண்ணைப் பற்றிய குணச்சொற்களைத் திரட்டி, யார் சொல்கிறார்கள், எந்த நேரத்தில் சொல்கிறார்கள், ஆணுக்கு அதே செயலுக்கு என்ன சொல்கிறார்கள் என்று எதிரெதிரே எழுதிப் பாருங்கள். பெண்கள் தமக்குள் பேசும்போது ஒருவரையொருவர் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களையும் தனியே எழுதுங்கள். நெஞ்சழுத்தக்காரி, வைராக்கியக்காரி, தாங்குசக்தி உள்ளவள், எதையும் உள்ளே போட்டுக்கொள்பவள் என்று அங்கே வேறொரு அகராதி இருக்கிறது. ஆளுமை பற்றிய எந்தத் தமிழ்க் கோட்பாடு இனி எழுதப்பட்டாலும் அது அந்தச் சொற்களையும் கேட்டுவிட்டு எழுதப்படவேண்டும்.